தட்டை மீனும் தப்புக் கணக்கும்!

கழிவு!

ஆம், தோழர்களே! கழிவு என்றுதான் பெயர் வைத்தனர் அந்த மீனுக்கு. அழுகிய மீனுக்கு அல்ல. ஈ மொய்த்த மீனுக்கு அல்ல. கடலிலிருந்து அள்ளிக் கொட்டியதும் படகின் தளத்திலே துள்ளித் துடிக்கும் மீனுக்கு! 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வடகடலில் இழுவை வலை போட்ட ஆங்கிலேயர்கள், வலையில் விழுந்ததை இரு கூறாகப் பிரித்தனர். சோல், டர்பட், பிரில் - இவை முதல் தரம். சீமான் வீட்டு வெள்ளித் தட்டுக்குப் பயணம் புறப்படுவன. ஹாடக், பிளேஸ் - இவை கழிவு; சந்துக்கும் சேரிக்கும் போவன; விலை போகாது என்று தெரிந்தால் மீண்டும் கடலுக்கே போவன.

மீனிலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு! மனிதன் போகிற இடத்துக்கெல்லாம் தன் ஏணியையும் தூக்கிக்கொண்டு போகிறான். நடுக்கடலுக்குப் போனபோதும் அதை மறக்கவில்லை!

அந்தக் கழிவு மீன்தான் பிற்காலத்தில் கல்விமான்களுக்குக் கணக்குப் பாடம் நடத்திற்று. 'கடல் வற்றாது, மீன் குறையாது, பிடி, பிடி, பிடித்துக்கொண்டே இரு' என்று மாபெரும் அறிஞர் ஒருவர் போட்ட கணக்கைத் தப்பென்று காட்டிற்று. வாயில்லாப் பூச்சி என்பார்களே, இது கோணல் வாய் மீன். ஆனாலும் தெளிவாகவே பேசிற்று! அதன் கதையைத்தான் இன்று சொல்ல முற்படுகிறோம்.

பிளேஸ் என்பது அதன் ஆங்கிலப் பெயர். 'இடம்' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லும் காதில் இப்படியே ஒலிக்கும், எழுத்தில்தான் மாறுபாடு. தங்கள் மேசையில் இடம் தராத மீனுக்கு இப்படிப் பெயர் அமைந்தது வேடிக்கைதான்! டென்மார்க்குக்காரர்கள் அதைச் 'சிவப்புப் புள்ளி மீன்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். காரணப் பெயர். பழுப்பு நிற முதுகிலே, குங்குமத்தைத் தொட்டுத் தொட்டு வைத்ததுபோல் செம்மஞ்சள் புள்ளிகள். அடிப்புறமோ வெள்ளை வெளேர்.

தட்டை மீன் குடும்பம் நமக்குப் புதிதன்று. நம் கரையிலே நாக்கு மீன் அறியாதார் யார்? எருமை நாக்கு என்று ஒன்று உண்டு. அதற்கு ஒரு பெருமையும் உண்டு. 1801-ல் பெர்லின் நகரில் பிளாக், ஷ்னைடர் என்ற இருவர் பெயரில் வெளிவந்த பெரிய மீன் நூல், தரங்கம்பாடிக் கடலின் அந்த மீனை விவரித்து, அதன் இலத்தீன் பெயரிலே நம் 'எருமை'யைக் கட்டிவைத்தது. இன்றைக்கும் எந்த நாட்டு ஆராய்ச்சியாளனும் அந்த மீனைக் குறிப்பிட வேண்டுமானால், நம் கரை மீனவன் வாயில் பிறந்த அந்தச் சொல்லைச் சொல்லித்தான் தீரவேண்டும்! இது நிற்க. அதற்கு உறவான பிளேஸ் வாழ்வது நம் கடலிலே அன்று. இங்கிலாந்து, ஆலந்து, செருமனி, டென்மார்க் நாடுகளுக்கு நடுவே கிடக்கிறதே வடகடல், அங்கே. ஐஸ்லாந்துக் கரையிலும், பால்டிக் கடலிலும், ஐரிஷ் கடலிலும்கூட உண்டு. ஆனால் கதை நடந்தது வடகடலில்.

பிறக்கும்போது இந்த மீன் தட்டையாக இல்லை என்றால் நம்புவீர்களா? எல்லா மீனையும்போல நிமிர்ந்துதான் நீந்துகிறது. வலப்புறம் ஒரு கண், இடப்புறம் ஒரு கண். டிசம்பர் முதல் மார்ச் வரை, குளிர் கடித்துக் குதறும் நாட்களில், வடகடலின் தென்பகுதியிலே தாய் மீன் முட்டை இடுகிறது. ஒன்றிரண்டல்ல, இலட்சக்கணக்கில்! 2 மில்லிமீட்டர் அளவுள்ள, கண்ணாடிபோன்ற முட்டைகள். நீரோட்டத்தோடு மிதந்து போகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் பொரிந்து, குஞ்சுகளும் அந்த ஓட்டத்திலேயே ஆலந்து, செருமனிக் கரைகளை நோக்கிச் செல்கின்றன. அரை அங்குல நீளம்கூட இராத அந்தப் பருவத்திலேதான் விந்தை நடக்கிறது. இடது கண் கிளம்புகிறது! மெல்ல மெல்ல உச்சந்தலையைத் தாண்டி வலப்புறம் வந்து, மற்ற கண்ணுக்குப் பக்கத்திலே குடியேறுகிறது. மண்டை எலும்பு திருகிக்கொள்கிறது. வாய் கோணிக்கொள்கிறது. உடல் இடப்புறமாகச் சாய்ந்து தரையில் படுக்கிறது. அதன்பிறகு ஆயுள் முழுவதும் அது படுத்த மீன்தான். கிடப்பது மணலிலே, இரு கண்களும் பார்ப்பது மேலே!

இதற்குச் செருமனியில் ஒரு கதை கட்டி வைத்திருக்கிறார்கள். கிரிம் சகோதரர்கள் தொகுப்பிலே இருக்கிறது. மீன்கள் தமக்கோர் அரசனைத் தேர்ந்தெடுக்க நீச்சல் பந்தயம் வைத்தனவாம். ஹெர்ரிங் முந்திவிட்டதாம். தட்டை மீன் பொறாமைப்பட்டு ஏளனம் செய்ததாம். அதற்குத் தண்டனையாக அன்றுமுதல் வாய் கோணிவிட்டதாம்! நல்ல கதை. குற்றம் செய்தவனுக்கெல்லாம் வாய் கோணும் என்றால், கடைத்தெருவில் நேர்வாய்க்காரனைத் தேடி அலைய வேண்டியிருக்குமே!

கதை இருக்கட்டும்; கண் எப்படி மாறிற்று என்பதை வைத்து ஒரு பெரிய வழக்கே நடந்தது. உயிர்கள் சிறுகச் சிறுக மாறி வந்தவை என்று டார்வின் சொன்னார் அல்லவா? மைவார்ட் என்ற அறிஞர் 1871-ல் மடக்கினார்: 'கண் முழுவதும் மறுபக்கம் போய்ச் சேர்ந்தால்தான் பயன். பாதி வழியில் நிற்கும் கண்ணால் மீனுக்கு என்ன இலாபம்? ஆகவே சிறுகச் சிறுக மாறியிருக்க முடியாது' என்றார். டார்வின் 1872-ல் தம் நூலின் ஆறாம் பதிப்பிலே மறுமொழி எழுதினார். ஆனால் பாதி வழியில் கண் நின்ற மீனைக் கொண்டுவந்து காட்ட அன்று எவராலும் முடியவில்லை. ஆண்டுகள் ஓடின, 10 அல்ல, 20 அல்ல, 136 ஆண்டுகள்! 2008-ல் மாட் ஃபிரீட்மன் என்ற ஆராய்ச்சியாளர், அருங்காட்சியகங்களில் நெடுங்காலமாகக் கிடந்த கற்படிவங்களை எடுத்து ஆராய்ந்தார். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மீன்கள். அவற்றின் கண்? ஒன்று நகர்ந்திருக்கிறது, ஆனால் உச்சியைத் தாண்டவில்லை. பாதி வழி! சாட்சி வந்து கூண்டில் ஏறிவிட்டான். அது நெடுநாளாக அலமாரியிலேயே படுத்திருந்திருக்கிறது!

மீண்டும் நம் குஞ்சு மீனிடம் வருவோம். கண் மாறியதும் அது கரையோரச் சேற்றுப் பரப்பிலே, முழங்கால் அளவுத் தண்ணீரில், இறங்குகிறது. ஆலந்திலிருந்து டென்மார்க் வரை நீளும் வாடன் கடற்பரப்பு இவற்றின் தொட்டில். அங்கே எதிரிகள் காத்திருக்கிறார்கள், யார் தெரியுமா? இறால்! சுண்டுவிரல் அளவு இறால்கள் நகக்கண் அளவு பிளேஸ் குஞ்சைப் பிடித்துத் தின்றுவிடுகின்றன. வளர்ந்தபின் முறை மாறும். புழுவும் சிப்பியும் இதன் இரை. மணலில் புதைந்த சிப்பி, மூச்சுக்கும் தீனிக்கும் மேலே நீட்டுகிற குழாயை மட்டும் வெடுக்கென்று கடித்துக்கொள்ளும். சிப்பிக்கு அது மீண்டும் முளைக்கும். மீன் மீண்டும் வந்து கடிக்கும். அடியோடு அழிக்காமல் அறுவடை! இந்த அறிவு மேலே படகில் இருப்பவர்களுக்கு வர நெடுங்காலம் பிடித்தது.

இன்னொரு திறமையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. முட்டையிடப் பயணம் போகும் பிளேஸ், நூற்றுக்கணக்கான மைல் நீந்திக் களைப்பதில்லை. 1970-களில் லோஸ்டாஃப்ட் நகரத்துக் கடலாய்வுக்கூடத்தார், மீனின் உடம்பிலே ஒலி எழுப்பும் சிறு கருவியைக் கட்டி, கப்பலில் இரவும் பகலும் பின்தொடர்ந்து கண்டுபிடித்தார்கள். ஓதம் தான் போகவேண்டிய திசையில் பாயும்போது மீன் தரையைவிட்டு எழுகிறது. நீரோட்டம் சுமந்து செல்கிறது. ஓதம் எதிர்த்திசையில் திரும்பினால், இறங்கி மணலைப் போர்த்திப் படுத்துக்கொள்கிறது. ஆறு மணி நேரம் பயணம், ஆறு மணி நேரம் படுக்கை! காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததை, பள்ளிக்கூடம் போகாமலே கற்றிருக்கிறது.

ஆண் மீன் இரண்டு மூன்று வயதில் பருவம் அடையும். பெண் சற்றுப் பிந்தி, சற்றுப் பெரிதாக. காதுக்குள் இருக்கும் சிறு கல்லை எடுத்து, மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல் எண்ணி வயது சொல்கிறார்கள். விட்டுவைத்தால் பல பத்தாண்டுகள் வாழும். ஒரு மீட்டர் நீளம்வரைகூட வளரும். விட்டுவைத்தால்! கதையின் முடிச்சு அந்த ஒரு சொல்லில்தான்.

கழிவு என்று தள்ளப்பட்ட மீனுக்குக் காலம் பிறந்தது இரயிலால். கிரிம்ஸ்பி, ஹல் துறைமுகங்களுக்கு இருப்புப்பாதை வந்தது. நார்வேயிலிருந்து பனிக்கட்டி வந்தது. பிளேஸ் இலண்டனுக்கும், ஆலைப் புகை மண்டிய நகரங்களுக்கும் போயிற்று. 1851-ல் இலண்டன் ஏழைகளைப் பற்றி ஹென்றி மேஹ்யூ எழுதிய நூலிலே, தெருத்தெருவாகப் பொரித்த மீன் விற்றவர்கள் வருகிறார்கள். பொரித்தது பெரும்பாலும் பிளேசும் அதன் இனமும்தான். சந்தையில் மிஞ்சியதை வாங்கி, மாவில் தோய்த்துப் பொரித்து, ரொட்டித் துண்டோடு ஒரு பென்னிக்கு விற்றார்கள். பட்டறையிலிருந்து வந்தவன், சுமை தூக்கி முடித்தவன், மதுக்கடை வாசலில் நின்றவன் - அவர்கள் வயிற்றை நிரப்பியது இந்தக் கழிவு.

பிடித்தவர்கள் கதை அதைவிடக் கொடிது. அநாதை விடுதிகளிலிருந்தும் ஏழை இல்லங்களிலிருந்தும் சிறுவர்களைப் பிடித்து, 21 வயது வரை என்று ஒப்பந்தம் எழுதிப் படகிலேற்றினர். ஓடிப்போனால் சிறை! நடுக்கடலில் வாரக்கணக்கில் நிற்கும் படகுக் கூட்டத்திலிருந்து, பெட்டி பெட்டியாக மீனைச் சிறு துடுப்புப் படகில் ஏற்றி, அலைக்கு நடுவே கரைக்கப்பலில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கையில் கவிழ்ந்து போனவர் பலர். ஹல் துறைமுகத்துப் படகொன்றிலே பயிற்சிச் சிறுவனைச் சித்திரவதை செய்து கொன்ற படகுத் தலைவன் 1882-ல் தூக்கிலிடப்பட்டான். அதன்பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 1883-ல் சட்டம் வந்தது. அதே 1883 மார்ச்சில் அடித்த புயலிலே, நூற்றுக்கு மேற்பட்ட மீனவர்களும் சிறுவர்களும் வடகடலில் மாண்டனர்.

அதே 1883-ல்தான் இலண்டனிலே உலக மீன்வளக் கண்காட்சி. மேடையேறினார் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. யார் அவர்? டார்வின் கொள்கைக்காகப் பாதிரிமாரோடு நேருக்கு நேர் வாதிட்டவர். பகுத்தறிவாளர் போற்றும் பேரறிஞர். நாமும் போற்றுகிறோம். ஆனால் அவர் அன்று சொன்னது என்ன? காட், ஹெர்ரிங் முதலிய பெருங்கடல் மீன்வளம் வற்றாதது. நாம் எவ்வளவு பிடித்தாலும் மீன் தொகையை அது பெரிதாகப் பாதிக்காது - இதுதான் அவர் உரையின் சாரம். அவர் திடீரென்று சொன்னதுமன்று. 1863-ல் அமைத்த விசாரணைக் குழுவிலே அவரும் இருந்தார். தூண்டிலும் சிறுவலையும் கொண்டு பிழைத்த கரையோர மீனவர்கள் அந்தக் குழு முன் வந்து முறையிட்டனர்: 'ஐயா, இழுவை வலை கடல் தரையைச் சுரண்டுகிறது, குஞ்சு குளுவான் எல்லாம் போகின்றன, எங்கள் கையில் வரவர மீன் சிறுத்துவிட்டது' என்று. குழு என்ன செய்தது? 1866-ல் அறிக்கை தந்தது: கட்டுப்பாடு வேண்டாம், இருக்கிற சட்டங்களையும் எடுத்துவிடுங்கள் என்று! மீனவன் பேச்சு சுயநலப் பேச்சாம். புள்ளிவிவரம் இல்லாத பேச்சாம். ஆமாம், வயிறுதான் பேசிற்று. வயிற்றுக்குப் புள்ளிவிவரம் எழுதத் தெரியாது! ஆனால் ஒன்று: வற்றாது என்று சொன்னவர்கள் கையிலும் அந்தப் புள்ளிவிவரம் இருக்கவில்லை. இல்லாத கணக்கு ஏழையை வாயடைக்க மட்டும் பயன்பட்டது.

ஹக்ஸ்லி சொன்னாரே என்று எல்லா அறிஞர்களும் தலையாட்டிவிடவும் இல்லை. ரே லங்காஸ்டர் என்ற விலங்கியலார் அதே கண்காட்சியை ஒட்டி மறுத்துப் பேசினார். மறு ஆண்டிலேயே கடல் உயிரியல் சங்கம் தோன்ற முன்நின்றார். பெரியவர் வாக்கு என்பதற்காக ஏற்காமல், பெரியவரையே கேள்வி கேட்பது - அதுவும் ஹக்ஸ்லி கற்றுக்கொடுத்த பழக்கம்தானே!

கணக்கு கிழியத் தொடங்கியது நீராவியால். 1880-களில் பாய்மரம் போய் நீராவிப் படகு வந்தது. காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1890-களில் இருபுறமும் பலகை கட்டி வாயை அகல விரிக்கும் புதுவலை வந்தது. பெரிய மீன் அருகி வந்தது. படகுகள் செருமனி, டென்மார்க் கரையோரம் போயின. அங்கே இருப்பது எது? சற்றுமுன் சொன்னோமே, தொட்டில்! உள்ளங்கை அளவு மீன்கள் டன் டன்னாக வந்து இறங்கின. வாங்க ஆளில்லை, நாற்றமெடுத்தது. 1893-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. சிறு மீன் விற்பனையைத் தடுக்க மசோதா வந்தது; விழுந்தது. மீண்டும் வந்தது, மீண்டும் விழுந்தது. இம்முறை முறையிட்டவர்களில் இழுவைப் படகு முதலாளிகளும் இருந்தார்கள்! ஏழை அழுதபோது சுயநலம். முதலாளி அழுதபோது தேசியப் பிரச்சினை. அப்போதுகூடச் சட்டம் பிறக்கவில்லை என்பதுதான் விந்தை.

1900-ல் வால்டர் கார்ஸ்டாங் என்பவர், 'கடல் வறுமைப்படுகிறது' என்று தலைப்பிலேயே அறைந்து ஆய்வுரை வெளியிட்டார். பத்தாண்டுக் கணக்கை அடுக்கினார். மீன்பிடிக்கும் ஆற்றல் பன்மடங்கு பெருகியிருக்கிறது. பிடிபட்ட மீனோ அந்த அளவில் பெருகவில்லை. ஒரு பாய்மரப் படகு அளவுக்குக் கிடைத்த பங்கு, ஏறத்தாழப் பாதியாகச் சரிந்திருக்கிறது. ஓட ஓட உழைத்தும் கூலி குறைகிற கணக்கு! 1902-ல் லோஸ்டாஃப்ட் ஆய்வுக்கூடம் பிறந்தது. அதே ஆண்டில் கோபன்ஹேகன் நகரில் நாடுகள் கூடிக் கடலாய்வுக் கழகம் அமைத்தன.

கார்ஸ்டாங் இன்னொன்றும் செய்தார். கரையோரத்து நெரிசலில் கிடந்த சிறு பிளேஸ் மீன்களுக்கு அடையாளம் கட்டி, நடுக்கடலின் டாகர் திட்டிலே கொண்டுபோய் விட்டார். அங்கே இரை ஏராளம். கரையில் தங்கிய உடன்பிறப்புகளைவிட அவை பன்மடங்கு விரைவாகப் பருத்தன! டென்மார்க்கின் பீட்டர்சன் இதற்கு முன்பே லிம் கடற்கழியில் இத்தகைய முயற்சிக்கு வழிகாட்டியிருந்தார்; அங்கே அது பல பத்தாண்டுகள் தொழிலாகவே நடந்தது. வடகடலில்? நடக்கவில்லை. கழி ஒரு நாட்டுக்குச் சொந்தம். கடல் பல நாடுகளுக்கு. நான் நட்டதை அவன் அறுப்பானே என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தனர்.

பிறகு, எவரும் திட்டமிடாத ஒரு சோதனை நடந்தது. சோதனைச்சாலை: வடகடல் முழுவதும். சோதனையாளன்: போர்! 1914-ல் கடல் எங்கும் கண்ணிவெடி. படகுகளைக் கடற்படை எடுத்துக்கொண்டது. பல களங்களில் நான்காண்டுகள் வலையின் நிழல்கூடப் படவில்லை. 1919-ல் திரும்பிவந்து வலை போட்டவர்கள் வாய்பிளந்தனர். பெரிய பெரிய பிளேஸ்! முதிர்ந்த மீன்கள்! சிலகாலம் கொண்டாட்டம், சில ஆண்டுகளில் பழையபடி சிறு மீன். 1939-ல் மீண்டும் போர், மீண்டும் ஓய்வு. 1945-ல் மீண்டும் பெருமீன். மனிதன் மனிதனைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில் மீன் பிழைத்துக் கொழுத்தது! ஹக்ஸ்லி கணக்கு சரியென்றால், ஓய்வுக்கு முன்னும் பின்னும் மீன் ஒன்றுபோலல்லவா இருந்திருக்க வேண்டும்? இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் கடல் ஒரே பதிலைத்தான் சொல்லிற்று.

அந்தப் பதிலை எண்ணில் எழுதியவர்கள் லோஸ்டாஃப்டைச் சேர்ந்த இளைஞர் இருவர் - பெவர்ட்டன், ஹோல்ட். 1957-ல் அவர்கள் வெளியிட்ட பெருநூலின் கதாநாயகன் யார்? நம் கழிவு மீன்தான்! இரண்டாம் போருக்கு முன், பிடிக்கும் பருவத்து பிளேஸ் மீன்களில் ஏறத்தாழப் பாதியை ஆண்டுதோறும் வலை வாரிக்கொண்டிருந்தது என்று கணக்கிட்டார்கள். சற்றுக் குறைவாகப் பிடி, சற்றுப் பெரிதானபின் பிடி; மொத்த எடை குறையாது, கூடும் என்று காட்டினார்கள். வட்டி கொழுக்கட்டும், முதலைத் தொடாதே என்பது செட்டுக்காரக் கிழவிக்கும் தெரிந்த சேதிதான். ஆனால் கடலில் எது முதல், எது வட்டி என்று வரி போட்டுக் காட்ட இந்த நூல் வேண்டியிருந்தது. இன்று உலகெங்கும் எந்த மீனுக்கு அளவு வகுத்தாலும், அந்தக் கணக்கின் வேர் இந்த நூலிலே இருக்கும்.

பாடம் எழுதியாயிற்று, படித்தார்களா? 1960-களில் ஆலந்துக்காரர்கள் இரட்டை உத்திர வலையைக் கொண்டுவந்தனர். படகின் இருபுறமும் இரும்பு உத்திரம். அதன் முன்னே வரிசை வரிசையாகக் கனத்த சங்கிலி. 'கிச்சுக்கிச்சுச் சங்கிலி' என்று செல்லப் பெயர்! மணலில் புதைந்த மீனைக் கிளப்பி விடும் சங்கிலி அது. கூடவே தரையில் வாழும் எத்தனையோ உயிர்களை நசுக்கும். 1980-களின் இறுதியில் வடகடல் பிளேஸ் பிடிப்பு ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் டன்னைத் தாண்டியது. பிறகு சரிந்தது, மளமளவென்று.

1989-ல் தொட்டிலுக்கு வேலி போட்டார்கள். ஆலந்து, செருமனி, டென்மார்க் கரையோரம் 38,000 சதுர கிலோமீட்டர். 'பிளேஸ் பெட்டி' என்று பெயர். 300 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட படகு முதலில் சில மாதங்கள் நுழையக்கூடாது. 1995 முதல் ஆண்டு முழுவதும் கூடாது. நல்ல ஏற்பாடு, ஆனால் குஞ்சுகள் வேலியைத் தாண்டி ஆழத்துக்குப் போகத் தொடங்கின! கரையோரத் தண்ணீர் சூடேறியது ஒரு காரணம். குளிர் மீன் இது; 1963, 1996 ஆண்டுகளின் கடுங்குளிருக்குப் பின் குஞ்சுகள் பெருந்தொகையாகப் பிழைத்ததை ஆய்வாளர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். வேலியால் பயனில்லை என்று படகுக்காரர்கள் வாதிட்டனர். இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றனர் மற்றவர்கள். வேலி மட்டும் போதாது என்பது இருதரப்புக்கும் தெரிந்தது.

படகுகள் குறைந்தன. 2007-ல் பிளேசுக்கும் சோலுக்கும் சேர்த்து ஐரோப்பிய ஒன்றியம் நெடுங்காலத் திட்டம் வகுத்தது. ஆண்டுதோறும் பிடிக்கும் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைப்பது என்று. பலன்? 2010-களின் நடுவிலே, முட்டையிடும் பிளேஸ் மீன்களின் தொகை, 1957-ல் தொடங்கும் கணக்கேட்டில் அதுவரை காணாத உயரத்தை எட்டிற்று! போர் இல்லாமல், கண்ணிவெடி இல்லாமல், மனிதன் தன் கையைத் தானே மடக்கியதால் கிடைத்த உயர்வு. நூற்றாண்டுக்காலப் பிடிப்பு விட்ட தழும்பு மட்டும் மறையவில்லை. முன்னாளைவிடச் சிறிய உருவிலேயே, இளம் வயதிலேயே பெண் மீன் இன்று பருவமடைகிறது. பெரிதாக வளரக் காத்திருந்தவை வலையில் போய், அவசரமாக முட்டையிட்டவை வம்சம் விட்டதன் விளைவு இது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

மீன் பெருகிவிட்டது, பிடிப்பவன் வாழ்கிறானா? அங்கேதான் இன்னொரு சிக்கல். உத்திர வலைப் படகு எண்ணெய் குடிக்கும் பூதம். சங்கிலிக்குப் பதில் மெல்லிய மின்துடிப்பால் மீனைக் கிளப்பும் முறையை ஆலந்துக்காரர் கொண்டுவந்தனர்; எண்ணெய் மிச்சமாயிற்று. பிரான்சு நாட்டுச் சிறுபடகுக்காரர்கள் எதிர்த்தனர். 2019-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் தடைக்கு முத்திரையிட்டது. 2021-ல் முற்றும் நின்றது. மறு ஆண்டே எண்ணெய் விலை ஏறிற்று. அரசு பணம் கொடுக்க, நல்ல நிலையிலிருந்த ஆலந்துப் படகுகள் பல உடைப்புக்குப் போயின. கடலில் மீன் இருந்தது. அனுமதித்த அளவைக்கூடப் பிடித்து முடிக்கவில்லை!

சிறு மீன் வழக்கும் தீர்ந்தபாடில்லை. சோல் மெலிந்த உடம்புக்காரன். அவனைப் பிடிக்க வலைக்கண் 80 மில்லிமீட்டர் இருந்தால்தான் முடியும். அந்தக் கண்ணில் அகன்ற உடம்புள்ள பிளேஸ் குஞ்சு சிக்கிக்கொள்கிறது. விலை உயர்ந்த சோலுக்காக மலிந்த பிளேஸ் சாகிறது. அந்தப் பழைய முதல்தரம், கழிவு என்ற பிரிவினை இன்னும் வலைக்கண்ணில் ஒளிந்திருக்கிறது! 27 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிளேசை மனிதன் தின்பதற்கு விற்கக்கூடாது என்பது சட்டம். பிடித்ததையெல்லாம் கரைக்குக் கொண்டுவா என்று ஒன்றியம் 2015 முதல் படிப்படியாக விதி கொண்டுவந்தபோது, பிளேசுக்கு விலக்குக் கேட்டார்கள்; திரும்ப விட்டால் சில பிழைக்கும் என்றார்கள். எத்தனை பிழைக்கும்? அதை அறிய, ஆலந்து, பெல்ஜிய ஆய்வாளர்கள் மீன்பிடி படகிலேயே தண்ணீர்த் தொட்டிகளை ஏற்றிச் செல்கிறார்கள். பிரிக்கும் பட்டையிலிருந்து தள்ளப்படும் குஞ்சுகளை எடுத்துத் தொட்டியில் இட்டு, கரைக்குக் கொண்டுவந்து, நாட்கணக்கில் காத்திருந்து எண்ணுகிறார்கள். வலை இழுத்த நேரம், அலையின் உயரம், தண்ணீரின் சூடு, தளத்தில் மீன் கிடந்த நிமிடங்கள் - ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை மாறுகிறது. பெரும்பகுதி பிழைப்பதில்லை. பிழைப்பவை தொட்டியின் அடியில், மணல் இருந்தால் மணலை அள்ளிப் போர்த்திக்கொண்டு, இரு கண்களை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கின்றன.